30 மில்லி

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் எங்கள் பக்கம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்ளோ ஆகும்?" அடுத்தது, "எத்தனை கிலோ குறையும்?" 2024 ஏப்ரலுக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. "பம்மல்ல அந்தப் பையன்..." யாரும் அந்தக் கேள்வியை முடிப்பதில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், சுமார் 150 கிலோ எடை. பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிகிச்சையின்போது நிலைமை மோசமாகி, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

அடுத்த வருஷம் என் அக்காவுக்கு ஆபரேஷன். எட்டு வருஷமாகச் சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. செய்தது ஸ்லீவ்: இரைப்பையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டப்பட்ட பகுதியில்தான். ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே நடக்கவைத்தார்கள். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. மறுநாளிலிருந்து மருந்து ஊற்றும் சின்ன கப்பில் தண்ணீர், பதினைந்து நிமிஷத்துக்கு 30 மில்லி. அதையும் உறிஞ்சி உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். பிரஷர் பார்க்க வந்தால் பட்டை அக்காவின் கைக்குப் பத்தவில்லை. சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும். "எடை குறைக்கிற வார்டுலயே குண்டா இருக்கறவங்களுக்குப் பட்டை இல்லியா சிஸ்டர்?" என்று அக்கா சிரித்தாள். வேறு வார்டிலிருந்து பெரிய பட்டை வர அரை மணி நேரம் ஆனது.

இரண்டாம் நாள் ராத்திரி 2 மணி. அக்காவுக்கு வலி பெரிதாக இல்லை, காய்ச்சல் இல்லை. நாடித்துடிப்பு மட்டும் 122. அரை மணி கழித்துப் பார்த்தாலும் இறங்கவில்லை. நைட் டூட்டி நர்ஸ், இருபத்தைந்து வயது இருக்கும், டியூட்டி டாக்டரை எழுப்பிவிட்டார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு 120க்கு மேல் ஏறி இறங்காத துடிப்பு, தையலில் கசிவு இருப்பதன் முதல் அடையாளமாக இருக்கலாம். வயிறு வலிக்கும் முன்பே இதயம் சொல்லிவிடும். ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு இல்லை, உடம்பில் நீர் குறைந்திருந்தது. டிரிப்ஸ் ஏறியதும் விடியற்காலையில் 96.

சாஃப்ட்வேரில் ரிலீஸ் செய்வது பெரிய விஷயம் இல்லை. ரிலீஸ் ஆன ராத்திரி அலர்ட் வந்தால் பார்ப்பதற்கு ஓர் ஆள் முழித்திருக்க வேண்டும், அதுதான் விஷயம். அந்த வார்டில் முழித்திருந்தது அந்தப் பெண்.

நான்காம் நாள் டிஸ்சார்ஜ். கையில் ஒரு டயட் ஷீட்: அவகாடோ, கிரீக் யோகர்ட், புரோக்கோலி சூப். சேலையூரில் எங்கள் அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். பருப்புத் தண்ணியும் வடிகட்டிய மோரும் சேரும் என்று அதில் யாரும் எழுதவில்லை.

ஏழாம் நாள் வாந்தி ஆரம்பித்தது. மறுநாளும் நிற்கவில்லை. மருத்துவமனைக்கு போன் செய்தால், "சார், அப்பாயின்மென்ட் போட்டுட்டு திங்கள்கிழமை வாங்க." அன்று வெள்ளிக்கிழமை. அக்கா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். நைட் நர்ஸின் நம்பர். "அக்கா, திங்கள் வரைக்கும் இருக்காதீங்க. நேரா கேஷுவால்டி வந்துடுங்க." போனோம். டிரிப்ஸோடு தயமின் ஊசியும் போட்டார்கள். விடாமல் வாந்தி எடுத்தால் உடம்பில் இருக்கும் தயமின் சில வாரங்களில் தீர்ந்துவிடும், அது மூளையையே பாதிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கசிவும்கூடப் பல பேருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவருகிறது. திங்கள்கிழமை வரைக்கும் அது காத்திருக்காது.

நாலாவது மாசம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறையும்போது வருவதுதான், திரும்ப முளைக்கும் என்று முன்னாடியே சொல்லியிருந்தால் குளியலறையில் அப்படி அழுதிருக்க மாட்டாள். பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி எல்லாம் ஆயுசு முழுக்க. ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. இன்சூரன்ஸ் பணம் கொடுத்தது ஆபரேஷனுக்கு, அதற்குப் பின் 60 நாளுக்கு. 61ஆம் நாளிலிருந்து அவளும் அம்மாவின் சமையலறையும்தான்.

இப்போது அக்கா 31 கிலோ குறைந்திருக்கிறாள். சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாம் போன் செய்கிறார்கள். எவ்ளோ ஆச்சு, எத்தனை கிலோ? அவள் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொல்வாள்.

"ஆஸ்பத்திரியப் பாக்கப் போறப்போ டாக்டர்கிட்ட இதக் கேளுங்க. ஐசியு அந்தக் கட்டடத்துலயே இருக்கா? வீட்டுக்கு வந்தப்புறம் ராத்திரி 2 மணிக்கு போன் பண்ணா யார் எடுப்பாங்க? பேரு சொல்லச் சொல்லுங்க."