இரண்டு கவாத்து

நாவலப்பிட்டியை விட்டுப் புறப்படும் புகையிரதம் இங்குருஓயா, கலபொட ஆகிய நிலையங்களைக் கடந்து, வளைந்து வளைந்து மலையேறி வட்டவளையை அடையும்போது, பெரும்பாலும் மழையும் உடன் வந்து சேர்ந்துவிடும். இலங்கையில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் இது முன்வரிசையில் நிற்பது. ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 5,000 மில்லிமீற்றர் பெய்யும். 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த இருப்புப்பாதை இம்மலைகளைக் கடந்து அட்டனை எட்டியது 1884இல். காலையில் பனி விலகும் நேரத்தில் இங்கு இறங்கி நிற்பவருக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலையன்றி வேறொன்றும் தெரியாது.

கல்லூரி மாணவ மாணவியர் பன்னிருவருடன் ஒரு சனி, ஞாயிறு இங்குத் தங்கினோம். வரலாற்றை வகுப்பறைக்கு வெளியே கற்பது எங்ஙனம் என்பதே எங்கள் ஆராய்ச்சி. அதற்குத் தூண்டுகோலாக அமைந்தது அமெரிக்காவில் நிலவும் ஒரு வழக்கமாகும். அங்கு 2006 முதல் 'அப்பிள்சீட்' என்ற பெயரில் வார இறுதி முகாம்கள் நடைபெறுகின்றன. இரண்டு நாள் குறிபார்த்துச் சுடக் கற்பிக்கின்றனர். தரையில் படுக்கும் முறை, முழங்கையைத் துப்பாக்கிக்கு அடியில் ஊன்றும் முறை, மூச்சை அடக்கி விசையைப் பதறாமல் அழுத்தும் முறை ஆகியவற்றைப் பயிற்றுகின்றனர். இடையிடையே ஓய்வு வரும்போது, 1775 ஏப்ரல் 19ஆம் நாள் லெக்சிங்டன், கொன்கோர்ட் ஆகிய ஊர்களில் குடியானவர்கள் பிரித்தானியப் படையை எதிர்த்து நின்ற கதையைச் சொல்கின்றனர். கை ஒரு தொழிலைக் கற்கும்போதே செவி ஒரு கதையைக் கேட்கிறது. கேட்ட கதை மறப்பதில்லை.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளம் நடுங்கும் நாடு நம்முடையது. ஆயினும் இந்த மலைகளும் அத்தகைய பயிற்சியைக் கண்டவையே என்பதை நம்முள் பலர் அறியார். 1900ஆம் ஆண்டில் 'இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை' என்றொரு தொண்டர் படை நிறுவப்பட்டது. கண்டி அதன் தலைமையிடம். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியத் துரைமாரே அதன் அங்கத்தினர். அதே ஆண்டிலேயே ஒரு பிரிவு தென்னாபிரிக்காவின் போயர் யுத்தத்துக்குச் சென்றது. அந்த யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேர் நம் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டதும் அக்காலத்திலேதான். 1914 ஒக்டோபரில் இருநூற்றுக்கும் மேற்பட்ட துரைமார் எகிப்துக்குக் கப்பலேறினர். மறு ஆண்டு கலிப்பொலிப் போர்முனையில், அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை நடத்திய பேர்ட்வுட் தளபதிக்கு மெய்காவலராக நின்றவர்களும் இவர்களே. 1949இல் இலங்கை இராணுவம் தோன்றியபோது இப்படை கலைக்கப்பட்டது.

சனிக்கிழமை பிற்பகல், அட்டன் வழியாக டிக்கோயாவுக்குச் சென்று வார்லி தேவாலயத்தைப் பார்த்தோம். 1878இல் கட்டப்பட்ட அக்கற்கோயிலைச் சுற்றித் துரைமாரின் கல்லறைகள் உள்ளன. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. பெயரும் தேதியும் பொறித்த கற்களை மாணவர்கள் ஒவ்வொன்றாக வாசித்தனர். துப்பாக்கிப் படையின் கதையை அங்கு வைத்தே நான் சொன்னேன். கேட்டு முடித்ததும், தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, "சேர், எங்கட ஆள்கள் இதில எங்க நிக்கிறாங்க?" என்று வினவினாள்.

அந்தப் படையில் அவர்கள் இல்லை. துப்பாக்கியைச் சந்தித்தபோதெல்லாம் அவர்கள் நின்றது அதன் மறுபுறத்திலே. 1940 ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் ஊதிய உயர்வுக்கான வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன், தலவாக்கலைக்கு அண்மையில் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். இவ்விருவரையும் சுட்டது துரைமார் படையன்று என்பதையும் சொல்லிவைப்பது நீதி. ஆயினும் கேள்வி கேட்ட பெண்ணின் முகம் தெளியவில்லை. சாவை மட்டுமா எங்கள் சரித்திரம் என்பீர்கள் என்று அம்முகம் கேட்பது போலிருந்தது.

மறுநாள் அதற்கு விடை தந்தவர், வட்டவளையில் ஓய்வு பெற்ற ஒரு கவ்வாத்துக்காரர். தமிழிலே கவாத்து என்றால் படைவீரர் செய்யும் பயிற்சி என்றும் பொருள். செடியை வெட்டிச் சீராக்குதல் என்றும் பொருள். இந்த மலையில் ஒரே சொல்லின் கீழ் இரண்டு தொழில்கள் நடந்தன. துரைமார் துப்பாக்கியோடு கவாத்துச் செய்தனர். தொழிலாளர் கத்தியோடு கவ்வாத்து வெட்டினர். காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தின் பெயரும் படையணி வகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே என்பர்.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தேயிலைச் செடியை அதன் மட்டத்துக்குத் தறிக்காவிட்டால் அது மரமாகிவிடும், கொழுந்து குறையும். பெரியவர் கத்தியைக் கையில் எடுத்தார். கால்களைச் சரிவில் அகற்றி ஊன்றினார். ஒரே வீச்சு, கிளை சரிவான வெட்டோடு விழுந்தது. "தண்ணி நிக்கப்படாது, பட்டை பிளக்கப்படாது. பிளந்தா அழுகிப் போயிடும் தம்பி" என்றார். தோட்டத்தார் இசைந்து ஒதுக்கிய செடிகளில் மாணவர்கள் முயன்றனர். பத்து வெட்டில் ஒன்றே நேராக விழுந்தது. குறி பார்த்தலும் மூச்சடக்கலும் பதறாத கையும் துப்பாக்கிக்கு மட்டும் உரியனவல்ல என்பதை அவர்களுடைய தோள்கள் உணர்ந்தன.

இளைப்பாறிச் சாயத் தேநீர் அருந்தியபோது பெரியவர் தம் பாட்டனாரின் கதையைச் சொன்னார். மண்டபம் முகாமில் தங்கிச் சோதனைகள் முடித்து, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, கோச்சியில் இந்த நிலையத்துக்கு வந்தவராம். முதல் நாள் மழையில் நடுங்கியபடி லயத்தில் படுத்திருந்ததையும், அவர் பெற்ற பிள்ளைகள் 1948இன் சட்டத்தால் நாடற்றவராக நின்றதையும் சொன்னார். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. கையில் கத்தித் தழும்பும் ஈரமும் இருந்த மாணவர்கள் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. முதல் நாள் கேள்வி கேட்ட பெண், தேதிகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

தேயிலைக்கும் முற்பட்ட கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்குக் கோச்சியும் இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தே வந்தார்கள். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அந்தப் பாதையை மீண்டும் நடந்தனர். அதுவும் உடலால் கற்ற வரலாற்றுப் பாடமே.

ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் ஆண்டில் ஒரு சனி, ஞாயிறை இதற்கென ஒதுக்கலாம். செலவு அதிகமில்லை. கவ்வாத்துக்காரர் ஒருவரும் கொழுந்து பறித்த மூதாட்டி ஒருவரும் ஆசான்களாக வந்தால் போதும். அவர்கள் அகவை முதிர்ந்து வருகிறது. ஆகவே இதைத் தள்ளிப்போடலாகாது. மாலையில் நாங்கள் புகையிரதத்துக்குக் காத்திருந்தபோது, அடுத்த முறை தன் பாட்டியை அழைத்து வரலாமா என்று அந்த மாணவி கேட்டாள். அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.