இன்ஜின் நின்றுவிட்டால்

2025 நவம்பர் 13. சேலத்திலிருந்து வந்த சின்னப் பயிற்சி விமானம் ஒன்று, கோளாறாகி, நார்த்தாமலை அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். டிவியில் அதைப் பார்த்த என் மனைவி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். எங்கள் பேத்தி வெளியூரில் தங்கி, செஸ்னா 172-இல் பறக்கப் பழகுகிறாள்.

போன் போட்டேன்.

"இன்ஜின் நின்னா கல்லு மாதிரி விழாது தாத்தா" என்று சிரித்தாள். மூக்கைத் தாழ்த்தி, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டால், ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே வருமாம். அதற்குள் இடம் பார்த்துவிட வேண்டும். கிளம்பிய உடனே நின்றால்தான் வம்பு. ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாம் என்று கை துடிக்குமாம். அந்தத் தாழ்வில் சாய்த்துத் திருப்பினால் வேகம் குறைந்து, இறக்கை தாங்காமல் போய்விடும். அப்படிப் போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

"எதிர்ல என்ன இருக்கோ, அதுலதான் இறங்கணும் தாத்தா."

"நம்ம செந்துறையில எங்கம்மா இறங்குவே?"

முந்திரித் தோப்பு வேண்டாம், சுண்ணாம்புக்கல் குழி வேண்டவே வேண்டாம், மக்காச்சோளம் அறுத்த காடு பரவாயில்லை, ஆனால் கரண்டுக் கம்பியும் கிணறும் பார்க்கணும் என்றாள்.

இப்போதெல்லாம் அரியலூர் பஸ்ஸில் ஏறினால் என் கண் ஜன்னலுக்கு வெளியேதான். கம்பி இல்லாத காடாகத் தேடுகிறேன். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் பேசாமல் அந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டு வருகிறாள்.