குளத்து மீன்

ரொறொன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஆடி மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார். ரிக்கெற் போட்ட அன்றே வட்ஸ்அப்பில் குரல் வந்தது: "தம்பி, பிள்ளைகளுக்கு மீன் பிடிக்கவேணுமாம். கடல் வேண்டாம், வள்ளத்தில ஏறினா அதுகளுக்குத் தலை சுத்தும். நல்ல ஆழமான, தெளிஞ்ச தண்ணி உள்ள லேக் ஒண்டு பார். ஃபமிலியாப் போகக்கூடிய இடமா இருக்கவேணும்."

அங்கே அவர்கள் சிம்கோ ஏரிக்குப் போவார்கள். வளர்ந்தவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், எந்த மீனை எத்தனை பிடிக்கலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகப் படமெடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். எனக்கு இது இன்றுவரை விளங்கியதில்லை. சாப்பிடுவதற்கென்றால் சரி. விளையாட்டுக்கு ஏன் அதன் வாயைக் கிழிக்கவேண்டும்?

திருகோணமலையில் ஆழமான, தெளிந்த, ஆடாத தண்ணீர் என்றால் உள்துறைமுகம்தான். மலைகள் சுற்றி நிற்க, அலையே இல்லாமல் ஏரி மாதிரித்தான் கிடக்கும். ஆனால் கரையில் கனக்க இடம் கடற்படையிடம். குழந்தைகளையும் தூண்டிலையும் கொண்டுபோய் எந்த வாசலில் நிற்பது? புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே மீன் பிடிக்க முடியாது. மிஞ்சினது கந்தளாய்க் குளம்.

நான் உசாராகிவிட்டேன். நகரத்திலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர், வானில் ஒரு மணித்தியாலம். குலக்கோட்டன் கோணேசர் கோயில் வயல்களுக்காகக் கட்டினான் என்று கோணேசர் கல்வெட்டு சொல்லும் குளம். இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சிங்கள மரபு. யார் கட்டினாலும் திலாப்பியாவுக்குக் கவலை இல்லை. அதுவே 1952இல்தான் இலங்கைக்கு வந்தது, ஆபிரிக்க மீன். முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் வாய்க்குள் வைத்துக் காக்கும். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை என்று குறித்துவைத்தேன்.

அண்ணாவுக்கு உள்ளதைச் சொல்லி எழுதினேன். தெளிந்த தண்ணீரை எதிர்பார்க்கவேண்டாம். ஆடியில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்றியிருக்கும், கரை சேறு. காலை ஆறு மணிக்கு முதல் போய்ச் சேரவேணும், பிறகு கச்சான் காற்று எழும்பினால் தக்கை ஆடுகிறதா மீன் கொத்துகிறதா என்று தெரியாது. மூங்கில் தடி, தங்கூசி, சின்ன ஊசி போதும், திலாப்பியாவுக்கு வாய் சின்னன். ஒருத்தரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, இந்தப் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு. பொழுதுபடுமுன் வெளிக்கிடவேணும், யானை வரும். அங்கே வலை போட்டுத் தொழில் செய்கிற ஆட்களிடம் முதலே கேட்கவேணும், எந்தக் கரையில் நிற்கலாம் என்று. எழுதி முடித்து வாசித்தபோது, 'ஃபமிலியாப் போகக்கூடிய' என்ற சொல் கொஞ்சம் மெலிந்துபோயிருந்தது.

இரவு சாப்பிடும்போது பெருமையாக அறிவித்தேன். "பிடிக்கிற மீனை அங்கேயே பொரிச்சுச் சாப்பிடலாம் அம்மம்மா."

அம்மம்மா கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனா. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா.

எங்கள் வீட்டில் குளத்து மீன் வாங்குவதில்லை. கடற்கரை ஊர்க்காரருக்குக் குளத்து மீன் என்றால் இளக்காரம்தானே, மண் மணம் என்று மூக்கைச் சுழிப்போம். எங்கள் வீட்டிலும் அதுதான் காரணம் என்று 24 வருசமாக நினைத்திருந்தேன்.

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் கந்தளாய் அணைக்கட்டு உடைந்தது. சித்திரை வருசம் பிறந்து ஒரு கிழமை ஆகவில்லை. 100 பேருக்கு மேல் செத்தார்கள், 1,600க்கும் அதிகமான வீடுகள் போயின. இவ்வளவும் எனக்குப் படித்துத் தெரியும். அப்போது அம்மம்மா குடும்பம் கட்டுக்குக் கீழே குடியிருந்ததும் தெரியும். அந்த வீட்டைப் பற்றி யாரும் கதைப்பதில்லை என்பதைத்தான் நான் கவனித்ததே இல்லை.

"ரயில் வருகுது எண்டுதான் நினைச்சனாம்," என்று அம்மா சொன்னா. அம்மம்மா அம்மாவையும் பெரியம்மாவையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறா. அம்மாவுக்குப் பத்து வயது. பக்கத்து வீட்டில் ஒரு பெடியன், அம்மாவோடு வாய்க்காலில் தூண்டில் போடுகிறவன். விடிந்து தண்ணீர் வடிந்தபிறகு வயல் முழுக்க மீனாம். குளத்து மீன் எல்லாம் சேற்றில் கிடந்து துடித்ததாம். சனம் ஆட்களைத் தேடி அந்த மீன்களுக்குள்ளேதான் நடந்தார்களாம். பெடியன் மத்தியானம்தான் கிடைத்தான். சிலர் மீனைப் பொறுக்கினார்களாம். பசி, என்ன செய்வது, யாரையும் குறை சொல்லேலாது என்று அம்மா இரண்டு தரம் சொன்னா. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு குளத்து மீன் இல்லை.

"ஆனா குழாயில வாறது அந்தக் குளத்துத் தண்ணிதானேம்மா?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்தேன். உண்மைதான், கந்தளாயில் சுத்திகரித்துத்தான் எங்கள் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குசினிக்குள் இருந்து அம்மம்மாவின் குரல் வந்தது: "தண்ணி என்னடா செய்யும்? கட்டைப் பார்க்க வேண்டியது ஆக்கள்."

அன்றிரவே அண்ணாவுக்கு அழைத்து, வேறு இடம் பார்க்கலாம் என்றேன். நிலாவெளிக் கரையில் நண்டு பிடிக்கலாம், அதுவும் பிள்ளைகளுக்கு விளையாட்டுத்தான். காரணத்தைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பெரியம்மா அவருக்கு ஒன்றுமே சொன்னதில்லையாம். சிம்கோவுக்கு வந்தால் காரை விட்டு இறங்கமாட்டாவாம், குளிர் என்று சொல்லுவாவாம். நடுக்கோடையிலும்.

பயணத்தைக் கைவிட்டோம் என்று அடுத்த நாள் அம்மம்மாவிடம் சொன்னேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் போகவேண்டாம் எண்டு சொன்னனானே? அந்தப் பிள்ளையள் எங்கட இடத்தைப் பார்க்கவேண்டாமே?" கொஞ்சம் பொறுத்து, "அங்க பிடிச்ச மீனை விட்டிடுவினம் எண்டு சொன்னனி?" என்று கேட்டா.

"ஓம் அம்மம்மா. பிடிச்சு, பார்த்திட்டு, விடுறது."

"அப்ப விடட்டும்."

எனக்கு அந்தப் பழக்கம் இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் திட்டத்தில் எழுதிவிட்டேன்: பொரிக்கிற சட்டி வேண்டாம், சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது. வானில் ஒரு சீற்றுக் கூட. லைவ் ஜக்கெற் தண்ணீரில் இறங்காதவர்களுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "எடு" என்று மட்டும் சொன்னா அம்மம்மா. நாலு இரவல் கேட்டிருக்கிறேன்.

இரைக்கு மண்புழு தோண்டுவது என் வேலை. கோதுமை மா உருட்டும் வேலையை அம்மம்மா எடுத்துக்கொண்டா. மாவுக்குள் கொஞ்சம் மஞ்சள் போடவேண்டுமாம். கலங்கல் தண்ணியில மீனுக்குக் கண்ணில படுமாம், அம்மாவும் அந்தப் பெடியனும் அப்படித்தான் செய்வார்களாம்.