கண்ணாடி வாங்கப் போனோம்

கோவளத்தில் என் தமக்கை வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் அத்தான் வாசலில் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், அறுந்த வலைக்கண்ணைப் பார்வையால் தேடாமல் விரலால் தடவித் தேடுவதைக் கண்டேன். “ஐம்பதைத் தாண்டிவிட்டதல்லவா, வெள்ளெழுத்துத்தான்” என்று சிரித்தார். நானும் நம்பினேன். அடுத்த முறை சென்றபோது செங்கற்பட்டுக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்து, கடமை முடிந்ததென்று மகிழ்ந்தேன்.

ஓராண்டு கழிந்தது. கண்ணாடி அணிந்தும் இடக்கண்ணின் மங்கல் நீங்கவில்லை. தமக்கையின் வற்புறுத்தலுக்குப் பணிந்து அவரைச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். பின்பு மருத்துவர் ஒளியைச் செலுத்தி நெடுநேரம் உள்ளே நோக்கினார்.

“ஐயா, உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா?” என்று கேட்டார்.

“கண்ணாடி மாற்றத்தானே வந்தேன், டாக்டர்! எனக்கு ஒரு நோயும் கிடையாது” என்றார் அத்தான்.

இரத்தத்தைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. பல ஆண்டுகளாகவே சர்க்கரை அவரை அறியாமல் உடலை அரித்துக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தமும் மிகுந்திருந்தது.

கண்ணைப் பார்த்தவர் இரத்தத்தின் நோயை எங்ஙனம் அறிந்தார் என்று வியந்தேன். மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். உடலைக் கீறாமலேயே இரத்தக் குழாய்களை நேராகக் காணக்கூடிய இடம் விழித்திரை. 1851-ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அமைத்தது முதல், மருத்துவர்களுக்கு அந்தச் சாளரம் திறந்திருக்கிறது. சர்க்கரை நோயால் நலிந்த நுண்குழாய்கள் புடைத்து இரத்தம் கசியும். இரத்த அழுத்தத்தால் குழாய்கள் குறுகும். மண்டைக்குள் அழுத்தம் மிகுந்தால் பார்வை நரம்பின் முகப்பு வீங்கும். கருவியின்றிக் காணும் குறிகளும் உள. கீழிமையின் உட்புறம் வெளுத்திருப்பது இரத்த சோகையையும், வெண்விழி மஞ்சளிப்பது காமாலையையும், விழி பிதுங்குவது தைராய்டுக் கோளாறையும் உணர்த்தக்கூடும். இவையெல்லாம் எச்சரிக்கைகளே, நோயை உறுதி செய்ய வேறு சோதனைகள் வேண்டும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தொடக்கத்தில் அந்நோய் கண்ணைத் தாக்கும்போது வலியும் இராது, பார்வையும் குறையாது. பார்வை மங்கிய பின்னரே புறப்படுகிறோம். அத்தானுக்கு லேசர் சிகிச்சை நடந்தது, வலக்கண் காப்பாற்றப்பட்டது. இடக்கண்ணில் இழந்த பார்வை முழுவதும் மீளவில்லை. நான் வீணாக்கிய அந்த ஓராண்டு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

தோபித்து நூலைப் பலமுறை வாசித்திருக்கிறேன். பார்வையிழந்த தந்தைக்கு மகன் தோபியா மீனின் பித்தத்தைத் தடவிக் குணமாக்கிய வரலாறு மட்டுமே என் நினைவில் நின்றது. இப்போது வாசிக்கையில் வேறொன்று புலப்படுகிறது. வானதூதர் இரபேல் மருந்தைச் சொல்லிவிட்டு மறைந்துவிடவில்லை. போகும்போதும் திரும்பும்போதும் தோபியாவின் கூடவே நடந்தார். நானோ ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்து முதியவர் “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்து கண்ணாடி கொடுப்பது மட்டும் போதாது. சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளர் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுதோறும் இதைச் செய்துகொள்ள வேண்டும். மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும். ஆகவே தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.

டிசம்பர் 13 கண்களுக்குப் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாள். ஆண்டுதோறும் அந்நாளையொட்டி அத்தானும் நானும் செங்கற்பட்டுக்குப் பேருந்து ஏறுகிறோம். திரும்பும் வழியில், விரிந்த கண்மணிகளுக்கு வெயில் பொறுக்காமல், அவர் என் தோளைப் பற்றிக்கொண்டு நடப்பார். பற்றிக்கொள்ள என் தோளையாவது தர முடிகிறதே என்று இறைவனுக்கு நன்றி சொல்கிறேன்.