கையால் ஏற்றும் முதல் தோட்டா

மிஷிகனில் மான் வேட்டை நவம்பர் 15 அன்று தொடங்கி 30 வரை நடக்கும். எந்தக் கிழமையில் வந்தாலும் தேதி மாறாது. வடக்கே சில ஊர்களில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. அதனால் அக்டோபர் பிறந்ததும், அதுவரை அலமாரியில் கிடந்த ரைஃபிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். டெட்ராய்ட் பக்கம் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் டூல் ரூம் வேலை எனக்கு. சாயங்காலங்களில் எங்கள் துப்பாக்கி கிளப் ஆட்களுக்கு ஸ்கோப் கட்டிக்கொடுப்பேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில், அதாவது வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லாத நாட்டில் வளர்ந்தவன் நான். என்னை இதற்குள் இழுத்தது மான் அல்ல, மரையும் திருகும்தான்.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்றால் வேலை சுலபம். அரைத்தானியங்கி அப்படி விடாது. என் மேஜைக்கு அதிகம் வருவது பிரௌனிங் பி.ஏ.ஆர். பெயரைக் கேட்டதும் 1918ஆம் வருட ராணுவத் துப்பாக்கியை நினைப்பவர்கள் உண்டு. அது ஜான் பிரௌனிங் செய்தது. இது அவர் பேரன் புரூஸ் பிரௌனிங் வடிவமைத்து 1967இல் வந்த வேட்டைத் துப்பாக்கி. பெயர் ஒன்று, உள்ளே எல்லாம் வேறு. சுட்டதும் குழலில் உள்ள சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு இறங்கி, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். போல்ட் பின்னால் ஓடி, வெற்றுக்கூட்டை வலப்பக்கம் வீசும். சுருள்வில் அதைத் திரும்ப முன்னால் விரட்ட, அடுத்த தோட்டாவை மேகஸினிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து, போல்ட்டின் தலை சுழன்று ஏழு பற்களால் பூட்டிக்கொள்ளும். தர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டாவில் மேகஸினுக்கு நான்கு. குழலில் இருப்பதையும் சேர்த்து ஆறுக்கு மேல் கொள்ளும் அரைத்தானியங்கியை மான் வேட்டைக்குக் கொண்டுபோக மிஷிகனில் அனுமதி இல்லை.

ஸ்கோப்புக்கு இதில் என்ன தொல்லை என்றால், உதை இரண்டு பக்கமும் விழுகிறது. சுடும்போது பின்னால் ஒன்று. போல்ட் திரும்பி வந்து மோதும்போது முன்னால் ஒன்று. பின்னுதை வாயு இயக்கத்தால் மெத்தென்று இருப்பதாகத் தோளுக்குத் தெரியும். திருகுகளுக்கு அப்படித் தெரிவதில்லை. போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் மேல் ஸ்கோப்பின் அடிப்பட்டையைப் பிடித்திருப்பவை பொடித் திருகுகள். பெரும்பாலான வேட்டைத் துப்பாக்கிகளில் அங்குலத்துக்கு 48 மரை உள்ளவை. ரிசீவரின் கனத்துக்குள் நாலைந்து சுற்றுதான் கடிக்கும். புதிய பி.ஏ.ஆர்.களில் ரிசீவர் அலுமினியக் கலவை. அதில் ஆத்திரப்பட்டு முறுக்கினால் மரை உதிர்ந்துவிடும்.

முதல் வேலை, துப்பாக்கி காலி என்பதைக் கண்ணால் மட்டுமல்ல, சேம்பருக்குள் விரலை விட்டும் உறுதி செய்வது. பிறகு திருகையும் துளையையும் அசிட்டோனில் எண்ணெய் போகத் துடைப்பேன். எண்ணெய் இருந்தால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும். திருகைக் கையால் கடைசி வரை ஏற்றி, போல்ட்டை மெதுவாக இழுத்து விட்டுப் பார்ப்பேன். இந்தத் துளைகளுக்கு நேர் கீழேதான் ரிசீவருக்குள் போல்ட் ஓடுகிறது. திருகு ஒரு மயிரிழை நீண்டிருந்தாலும் போல்ட்டின் முதுகை உரசும். சிலர் அந்த உரசலை அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார்கள். போல்ட்டின் மேல் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தால் திருகைத்தான் அரைக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் திருகைப் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு, அடிப்பட்டைத் திருகுக்கு 20 அங்குல-பவுண்டு. ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளுக்கு லாக்டைட் போடமாட்டேன். 15 முதல் 18 போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாயை நசுக்குகிறோம், இறுக்கவில்லை. கடைசியில் திருகுத் தலைக்கும் பட்டைக்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு. வீட்டில் எந்த நிறம் மிஞ்சியிருக்கிறதோ அது. திருகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பி.ஏ.ஆரில் தூக்கித் திருப்பும் கைப்பிடி இல்லாததால் வளையங்களைத் தாழ்வாகவே வைக்கலாம். கன்னம் கட்டையில் அழுந்தி இருக்கும்போதே கண் நேராக லென்ஸுக்குப் போய்விடும். முன்பின்னாக எங்கே நிறுத்துவது என்பதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அக்டோபரில் சட்டையோடு வந்து தோளில் வைத்துப் பார்த்து, “இதுதான் சரி” என்பார்கள். நவம்பரில் தடித்த கோட்டு அணிந்ததும் கட்டை ஓர் அங்குலம் முன்னால் தள்ளிப்போயிருக்கும். அதனால் வேட்டைக் கோட்டைக் கொண்டுவராமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். குறுக்குக்கோட்டை நேராக்க, தூரத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டால் போதும்.

அடுத்தது, குழலும் ஸ்கோப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது. போல்ட் ஆக்‌ஷனில் போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கமாகக் குழலுக்குள் எட்டிப் பார்த்தே இதை முடித்துவிடலாம். அரைத்தானியங்கியில் ரிசீவரின் பின்புறம் மூடியிருக்கும். பிரபலமான ருகர் 10/22இலும் இதே கதைதான். குழல் வாயில் செருகும் லேசரோ ஒளிக்கருவியோ வைத்துத்தான் ஆகவேண்டும். அதைச் செருகியதும், துப்பாக்கியைச் சுடும் திடலுக்கு எடுத்துப்போகும் பையின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். கருவியை எடுக்க மறந்து சுட்டால் குழல் பிளக்கும். எடுத்த பிறகுதான் துணியை அவிழ்ப்பேன்.

திடலில் முதலில் 25 கெஜம். நேராக 100 கெஜத்துக்குப் போனால் தாளிலேயே படாமல் தோட்டாவைத் தீர்த்துக்கொண்டிருப்போம். ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் என்று குமிழில் எழுதியிருக்கும். 25 கெஜத்தில் அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 4 கிளிக் என்று இங்கே கணக்குப் போட்டால் கால் அங்குலம்தான் நகரும்; 16 வேண்டும். பழைய ஸ்கோப்புகளில் இன்னொரு சங்கடம்: கிளிக்கைத் திருப்பியதும் உள்ளே இருக்கும் குழாய் உடனே நகராது, அடுத்த வெடியின் அதிர்ச்சியில்தான் இடம் மாறும். திருப்பிவிட்டுக் குமிழைத் திருப்புளியின் கைப்பிடியால் லேசாகத் தட்டிவிடுவது வழக்கம்.

100 கெஜத்துக்கு வந்ததும்தான் நானும் கிளப் நண்பர்களும் முட்டிக்கொள்வோம். அவர்கள் கேட்பது மூன்று துளைகள் ஒரு நாணயத்துக்குள் அடங்கிய தாள். மேகஸினை நிரப்பி, மூன்றையும் தொடர்ந்து சுட்டு, நடுப்புள்ளியை எடுத்து, அதற்கேற்ப கிளிக் திருப்பிவிட்டு ஊருக்குப் போவார்கள். அந்த மூன்றில் முதல் தோட்டா கையால் ஏற்றியது; மற்ற இரண்டும் துப்பாக்கி தானே ஏற்றிக்கொண்டவை. சுட்ட வேகத்தில் ஓடிப்போய்த் திரும்பி வரும் போல்ட்டும், கையால் இழுத்துவிட்ட போல்ட்டும் ஒரே வேகத்தில் மூடுவதில்லை. பற்கள் உட்காரும் விதமும் மயிரிழை மாறும். எம்-1 கேரண்டில் போட்டி சுடுபவர்களுக்கு இது பழைய செய்தி: முதல் துளை மற்றவற்றோடு சேராமல் தனியே போய் நிற்கும். எல்லாத் துப்பாக்கியும் அப்படிச் செய்யாது. செய்கிற துப்பாக்கியில் நடுப்புள்ளி என்பது இரண்டு வேறு துப்பாக்கிகளின் சராசரி.

காட்டில் மான் முன்னால் வந்து நிற்கும்போது போகப்போவது அந்த முதல் தோட்டாதான். குழல் குளிர்ந்திருக்கும், உள்ளே எண்ணெய் துடைத்திருக்கும் அல்லது துடைக்காமல் விட்டிருக்கும், தோட்டா விடியற்காலையில் கையால் ஏற்றப்பட்டிருக்கும். இரண்டாவதுக்கு வாய்ப்பு வந்தால் மான் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஸ்கோப்பின் எந்தக் குறியமைப்பும் உதவாது. ஆகவே நான் பார்ப்பது முதல் துளையை மட்டும். குழல் உலர்ந்து குளிர்ந்திருக்க, ஒரே ஒரு தோட்டாவை ஏற்றி, போல்ட்டை முழு வேகத்தில் விட்டு, ஒன்று சுடுவது. தாளை மடித்து எடுத்துவைத்துவிட்டு, அடுத்த முறை அதே தாளைத் திரும்ப மாட்டுவது. வெவ்வேறு நாட்களின் முதல் துளைகள் ஒரே தாளில் சேர்ந்தால்தான் கிளிக்கைத் தொடுவேன். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவே குழல் கைக்குக் குளிர்ச்சியாகும் வரை காத்திருந்து, ஒவ்வொன்றையும் கையால் ஏற்றிச் சுடும்படி சொல்வேன். “இதற்கு ஒற்றைத் தோட்டா துப்பாக்கியே வாங்கியிருக்கலாமே” என்று முணுமுணுப்பார்கள். நியாயமான கேள்விதான்.

கையால் ஏற்றுவதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. சத்தம் கேட்டு மான் கலைந்துவிடும் என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக மூடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அப்படி மூடினால் ஏழு பற்களும் முழுதாகப் பூட்டாமல் நிற்கலாம். விசையை இழுத்தால் துப்பாக்கி சும்மா இருக்கும். விடிவதற்கு முன்பே, மரத்தடிக்கு வந்ததும், சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று போல்ட்டை விட்டுவிட வேண்டும்.

150 கிரெயின் குண்டுக்கு 100 கெஜத்தில் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தால், 200 கெஜத்தில் ஏறக்குறைய நேராக விழும். மிஷிகன் காட்டில் 200 கெஜம் திறந்த இடம் அபூர்வம் என்றாலும் எல்லாரும் இப்படித்தான் வைக்கச் சொல்கிறார்கள். நானும் வைத்துக்கொடுக்கிறேன்.

சென்ற ஆண்டு வடக்கேயிருந்து ஒருவர் போன் செய்தார். முகாமில் சுட்டுப் பார்த்தாராம், ஐந்து அங்குலம் வலப்பக்கம் போகிறதாம்; இருபது கிளிக் இடப்பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டார். அவருடையது பழைய பாணி மௌண்ட்: பின் வளையத்தை இருபுறமும் இரண்டு பெரிய திருகுகள் நெருக்கிப் பிடித்திருக்கும், அவற்றைத் தளர்த்தி இறுக்கியே ஸ்கோப்பைப் பக்கவாட்டில் நகர்த்தலாம். குமிழைத் தொட வேண்டாம், நகப்பூச்சுக் கோட்டைப் பாருங்கள் என்றேன். வலப்பக்கத் திருகில் கோடு உடைந்திருந்தது. நாணயத்தை விட்டுத் திருப்பியதும் அரைச் சுற்று இறுகியதாம். சரி, குழல் ஆறட்டும், நாளைக் காலையில் ஒன்று மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். வேட்டை தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.