வடிகால் குடித்தனங்கள்

2025 ஜனவரி 11, சனிக்கிழமை. சிங்கப்பூர், காம்பல் லேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள்.

கரும்புக் கட்டுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. மேலே நீலத் தார்ப்பாய். அதன் நடுவில் தொப்பை விழுந்திருக்கிறது. கடைக்காரர் துடைப்பக் கட்டையால் கீழிருந்து நெம்புகிறார். தண்ணீர் தொபுக்கென்று தெருவில் கொட்டுகிறது. அவர் கட்டையைச் சாத்தி வைப்பதற்குள் மறுபடியும் தொப்பை.

நேற்றுத் தொடங்கிய மழை. வடகிழக்குப் பருவமழையின் சீற்றம். சாங்கியில் ஒரு ஜனவரி முழுவதும் பெய்ய வேண்டிய சராசரி மழை இரண்டே நாளில் பெய்து தாண்டுகிறது. வெப்பமானி 24க்குக் கீழே இறங்குகிறது. ஊர் ஜாக்கெட்டைத் தேடுகிறது.

கடைகளின் முன்பக்க ஐந்தடிப் பாதையில் ஊழியர்கள் நெருக்கி நிற்கிறார்கள். தலையில் பிளாஸ்டிக் பை, கையில் செருப்பு. யாரும் பேசவில்லை. எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள்.

அவர்கள் காலடியில் வடிகால். மேலே இரும்புக் கம்பி மூடி. மற்ற நாட்களில் அடியில் விரலளவு தண்ணீர் ஓடும். ஓரத்தில் காய்ந்த திட்டு இருக்கும். இன்று திட்டு இல்லை. கம்பிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். சாமந்தி இதழ், வெற்றிலைக் காம்பு, ஒரு ரசீது, கட்டுப் போட்ட தேநீர்ப் பை ஆகியவை வரிசையாகப் போகின்றன.

கம்பி இடுக்கில் ஒரு மூக்கு. நீளமானது, ஈரமானது, ஓயாமல் ஆடுவது. பின்னால் மூஞ்சூறு வருகிறது. சாம்பல் உடம்பு, கண் இருப்பது தேடினால்தான் தெரியும். அதன் வாலடியைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டி. அதன் வாலடியைக் கவ்விக்கொண்டு இன்னொன்று. மூன்றாவது குட்டி கம்பியைத் தாண்டும்போது தாய் பூக்கடைப் பலகையை எட்டிவிடுகிறது. வரிசை சுவரை உரசியே நகர்கிறது. ஓர் அங்குலம்கூட விலகுவதில்லை.

“அக்கா, எலி!”

“எலி இல்லடா, மூஞ்சூறு. போகட்டும் விடு.”

பூக் கட்டும் விரல்கள் நிற்கவில்லை.

பக்கத்துக் கடையின் சீன முதியவரும் விரட்டவில்லை. மூஞ்சூறு கீச்சிடுவது காசு குலுங்கும் சத்தம். வந்த இடத்துக்கு வரவு வரும். அவருடைய ஊர்க்காரர்களின் நம்பிக்கை அது. அவர் கல்லாவை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

வளர்ந்த மூஞ்சூறின் எடை ஒரு கைப்பிடி அரிசிதான். அந்த உடம்பில் சூடு தங்காது. தின்று தின்று உண்டாக்க வேண்டும். உரோமம் நனைந்தால் இன்னும் வேகமாக இழக்கும். வெள்ளத்துக்குத் தப்பிய கரப்பான்களும் இதே சுவரில் ஏறுகின்றன. தாய் ஒன்றைப் பிடித்து நொறுக்குகிறது. வரிசை வாலை விடாமல் காத்திருக்கிறது.

சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில். பிள்ளையாரின் மூஞ்சூறுக்கு மேலே கூரை. எண்ணெய் மினுக்கு. ஒரு சொட்டு மழை படவில்லை.

கம்போங் கபோர் பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் தாழ்வாரம். உத்தரத்தில் மூன்று பழந்தின்னி வௌவால்கள், இறக்கையைப் போர்த்தியபடி. கீழே தரையில் நேற்றைய கொட்டைகள். இன்றையது ஒன்றும் இல்லை. நனைந்த வௌவாலுக்குப் பறக்க ஏறக்குறைய இரு மடங்கு சக்தி செலவாகும். ஒன்று தலையை நீட்டுகிறது. மழையைப் பார்க்கிறது. தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

முஸ்தபா சென்டர். சுவர் நிறையத் தொலைக்காட்சிகள், ஒலி இல்லாமல். எல்லாத் திரையிலும் ஒரே பனிமலை. ஒரே பிகா: முயல் இனத்துப் பிராணி, கையில் அடங்கும் அளவு. வாயில் உலர்ந்த புல். அது குளிர்காலத்தில் தூங்குவதில்லை. சேர்த்த புல்லைத் தின்றுகொண்டு பாறை இடுக்கில் விழித்திருக்கிறது. மேலே பனி தடித்துக் கிடந்தால் அதன் அடியில் குளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பனி மெலிந்தால் குளிர் இடுக்குக்குள் இறங்கும். பூமி சூடாவதால் நடுங்கும் பிராணி அது.

ஒருவர் திரையின் ஓரத்தை முழம் போட்டு அளக்கிறார். “இது எவ்வளவு?”

தேக்காவை ஒட்டி ரோச்சோர் கால்வாய். நீர் பழுப்பாக ஓடுகிறது. பாலத்தில் ஒருவர் குடைக்கடியில் நீண்ட லென்ஸுடன் நிற்கிறார். நீர்நாய்க்காகக் காத்திருக்கிறார்.

ஆறுகள் நாறிய காலத்தில் இந்தத் தீவை விட்டுப் போனவை அவை. 1998இல் சுங்கை பூலோ பக்கம் திரும்பி வந்தன. பிறகு ஆறுகளைப் பிடித்துக்கொண்டு நகரத்துக்குள் நுழைந்தன. 2020 மே மாதம், கொவிட் முடக்கத்தில், அருகிலிருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் கூடத்துக்குள் ஒரு குடும்பம் ஓடியது. பதிவு அட்டை இல்லாமல்.

நீர்நாய்க் குட்டிக்கு நீச்சல் பிறவியிலேயே வருவதில்லை. பெரியவை பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துப் பழக்குகின்றன. பழகுமுன் வளைக்குள் வெள்ளம் வந்தால் அதே பிடரியைக் கவ்வி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். இங்கே மேடு என்பது கான்கிரீட் சுவர். செங்குத்தானது.

லென்ஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கண்ணாடியைத் துடைக்கிறார். மூடியைப் போட்டுக் கிளம்புகிறார்.

காம்பல் லேனில் ஒரு போன் ஒலிக்கிறது. அடுத்தது. அடுத்தது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எச்சரிக்கை: கனமழை, வெள்ளம் வரலாம். பூக்கடை அக்கா படிக்கிறார். பலகைக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்துகிறார். அடியிலிருந்து வரிசை வெளியே வருகிறது. தாய், ஒன்று, இரண்டு, மூன்று. சுவரைத் தேடுகிறது.

2024இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வின்படி, இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் ஈரமான மாதங்கள் இன்னும் ஈரமாகும். வறண்ட மாதங்கள் இன்னும் வறளும். வெள்ள எச்சரிக்கை டெலிகிராமில் வருகிறது. யாரும் சேரலாம். கட்டணம் இல்லை.