மறைத்து வைத்த இசை

உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்னும் வினா இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று, இசைக்கும் உண்டு. செவ்விசை என்றும் தெருவிசை என்றும் கோடு கிழித்து, ஒன்றை அரங்கில் ஏற்றி, மற்றொன்றை வாயிலில் நிறுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வழக்கத்திற்கு யாமும் ஆட்பட்டிருந்தோம். அதனை ஒப்புக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன், வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த எம் தம்பி ஒரு குறுந்தகடு கொண்டுவந்தார். லாட்வியாவில் பிறந்த வயலின் கலைஞர் கிடோன் கிரெமர் இசைத்தது அது. ஐரோப்பியச் செவ்விசையில் தேர்ந்த அக்கைகள் அதில் வாசித்திருந்ததோ அர்ஜென்டினாவின் டாங்கோ!

டாங்கோ அரண்மனையில் பிறந்த இசையன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புவெனஸ் ஐரிஸ், மொண்டெவிடியோ ஆகிய துறைமுக நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்தது. கப்பலேறி வந்த ஐரோப்பியத் தொழிலாளரும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களும் அதனை வளர்த்தனர். மேட்டுக்குடியினர் முகஞ்சுளித்தனர். அதன் உயிர்நாடியான பாண்டோனியன் என்னும் துருத்திக் கருவியும் ஜெர்மனியில் தோன்றிக் கடல் கடந்து வந்ததே.

அக்கருவியை வாசித்தவர் ஆஸ்டர் பியாசோலா (1921–1992). டாங்கோ குழுக்களில் வாசித்துப் பொருளீட்டிய அவர், செவ்விசை இயற்றுநராகப் புகழ்பெறவே விழைந்தார். 1954இல் பாரிசு சென்று நாடியா பூலான்ஜே அம்மையாரிடம் மாணவராகச் சேர்ந்தார். தாம் எழுதிய செவ்விசைப் படைப்புகளைக் கட்டுக்கட்டாகக் காட்டினார். டாங்கோ வாசித்ததை மட்டும் மறைத்தார். படைப்புகள் செம்மையாக உள்ளன, ஆயின் இவற்றுள் பியாசோலாவைக் காணோமே என்றார் ஆசிரியை. துருவிக் கேட்ட பின்னர், நாணத்தோடு தம் டாங்கோ ஒன்றைப் பியானோவில் வாசித்தார் மாணவர். இதுவே உண்மையான பியாசோலா, இதனைக் கைவிடற்க என்னும் கருத்துப்பட அம்மையார் கூறியதாகப் பியாசோலாவே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

எத்தகைய ஆசிரியை! அவர் புதிதாக ஒன்றைப் புகட்டவில்லை. மாணவர் மறைத்ததை மீட்டுக் கொடுத்தார்.

விளைவை உலகம் அறியும். கிரெமர் வாசித்தார், செல்லோ கலைஞர் யோ-யோ மா 1997இல் பியாசோலாவின் இசைக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார், புவெனஸ் ஐரிசில் பிறந்த டேனியல் பேரன்பாயிம் தம் ஊர் டாங்கோக்களைப் பியானோவில் இசைத்தார். 2009இல் யுனெஸ்கோ டாங்கோவை மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. மெக்சிகோவின் ஆர்த்துரோ மார்க்கேஸ் 1994இல் நடனக்கூடங்களின் தான்சோன் தாளத்தைக் கொண்டு இயற்றிய படைப்பை வெனிசுவேலாவின் இளைஞர் இசைக்குழு பல நாட்டு அரங்குகளில் முழக்கியது.

ஆயினும் அரங்கேற்றுவதாலேயே ஓர் இசை சிறந்துவிடும் எனல் பொருந்தாது. ஒலிபெருக்கியின்றிப் பேரரங்கை நிறைக்கப் பழகிய ஆப்பராக் குரல், காதருகே முணுமுணுக்க வேண்டிய பொலேரோ பாடலை நசுக்கிவிடுதலும் உண்டு. ஏரியல் ராமிரெஸ் 1964இல் நாட்டார் தாளங்களில் அமைத்த ‘மீசா கிரியோல்யா’வை ஹோசே கரேராஸ் பாடியுள்ளார். அதில் அவர் குரலைப் பணித்துப் பாடும் இடங்களே எம்மை உருக்கின. டாங்கோ வாசிக்கும் வயலின் கலைஞரும் குதிரைக்குப் பின்னுள்ள தந்திப்பகுதியில் வில்லை உரசிச் சில்வண்டின் ஒலியை எழுப்பக் கற்றாக வேண்டும். எனவே எளிய இசை அரங்கேறும்போது படியேறுவது அது மட்டுமன்று; பெரிய கலைஞரும் சில படிகள் இறங்கி வருகின்றார். அச்சந்திப்பில்தான் கலை பிறக்கின்றது.

இனி, எம் செய்தி. எம்.ஃபில். பட்டத்திற்குப் பொருள் தேர்ந்த காலத்தில், எம் உம்மா தொட்டிலாட்டிப் பாடும் நீண்ட தாலாட்டு எம் நினைவில் எழுந்தது. நபிமார் பெயர்களும், சபர் சென்ற வாப்பாவை எதிர்நோக்கும் ஏக்கமும் அதில் பின்னிக் கிடக்கும். அதனை ஆராயலாமே என ஒரு கணம் எண்ணினோம். எவரும் தடுத்திலர்; எம் நாணமே தடுத்தது. படிப்பறியாத் தாயின் பாட்டை அவையில் வைப்பதா எனத் தயங்கி, சீறாப்புராண உவமைகளைத் தேர்ந்தோம். அந்நூல் பெருங்கடல்; அதனைத் தேர்ந்தது பிழையன்று. தாலாட்டை மறைத்ததே பிழை. பியாசோலாவின் வரலாற்றை யாம் படித்தபோது உம்மா வஃபாத்தாகி ஓராண்டு கழிந்திருந்தது. நான்கு கண்ணிகளே எம் நினைவில் எஞ்சியுள்ளன. ஐந்தாவதைக் கேட்க ஆளில்லை.

அன்பு மாணவர்களே! உங்கள் இல்லங்களில் இன்றும் பாடும் முதியோர் உள்ளனர். இவ்விடுமுறையில் அவர்கள் அருகே அமருங்கள்; கேளுங்கள்; ஏட்டில் எழுதுங்கள். எழுதியதைத் துறைக்குக் கொணருங்கள். ஆசிரியர்களாகிய யாமும் மாணவர் மறைப்பதைக் கேட்டறியக் கற்றுக்கொள்வோமாக!